கையைக் கழுவச் சொன்ன குரல்

மனைவி இறந்த பிறகு எனக்குச் சோறு செல்லவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்து எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

வேலூர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கோளாறு ஒண்ணும் இல்லப்பா. சாப்பாடு வரப்போவுதுன்னு நரம்பு வயித்துக்குச் சேதி சொல்லணும், அப்பத்தான் ஜீரண நீர் ஊறும். உனக்குச் சேதி போகல," என்றார்.

இதற்கா ரயிலேறி வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தட்டின் முன் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலையிலிருந்து திரும்பிய புருஷனைப் பக்கத்து வீட்டம்மா அதட்டுவது சுவர் வழியாகக் கேட்டது.

"மொதல்ல கைய கழுவுய்யா, தோல் நாத்தம் தாங்கல!"

என் மனைவியும் தினமும் அப்படி அதட்டிவிட்டுத்தான் சோறு போடுவாள். சட்டென்று எனக்கு எச்சில் ஊறியது, வயிறு இரைந்தது.

இப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து திட்டு வாங்கும்வரை நான் தட்டில் கை வைப்பதில்லை.