வலது தோளுக்கு ஒரு காவடி

யாங்கோனில் பேஸ்பால் ஆடுகிறார்களா என்று கேட்பவர்களுக்கு: ஆடுகிறார்கள். பார்க்கத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்சீன் பக்கம் உள்ள அந்த மைதானத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். அதில் இரண்டு பேர் நானும் என் வீட்டுக்காரரும். உள்ளே பந்து வீசிக்கொண்டிருந்தவன் என் தம்பி.

அவன் எனக்குப் பதிமூன்று வயது இளையவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என் இடுப்பில் வளர்ந்தவன். தின்கன்ஜூனில் ஒரு கடையில் செல்போன் பழுது பார்க்கிறான். திருக்குறள் நாலு சொல் என்றால் பர்மியத்தில் பதில் சொல்வான், ஆனால் பந்தை எடுத்துவிட்டால் அவனை மாதிரி ஓர் ஆள் இந்த ஊரில் கிடையாது. அக்கா சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எதிர் அணிக்காரர்களே சொன்னார்கள்.

இந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவனுக்குப் பிட்ச்சர் என்று பெயர். கிரிக்கெட்டைப் போல ஆறு பந்துக்கு ஒரு தரம் ஆள் மாறுவதில்லை. ஒருவனே வீசிக்கொண்டிருப்பான். அவன் கை சோர்ந்ததும் கோச் அவனை வெளியே எடுத்துவிட்டு, ஓரத்தில் தோளைச் சூடாக்கிக்கொண்டு நிற்கும் இன்னொருவனை இறக்க வேண்டும். எப்போது எடுப்பது, யாரை இறக்குவது என்ற இந்த இரண்டு கேள்வியில்தான் உலகமெங்கும் ரசிகர்களுக்கு வயிறு எரிகிறது. என் வீட்டுக்காரர் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து செல்போனில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து இந்த ஞானத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். மைதானத்துக்கு வரும்போது சட்டைப்பையில் சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொண்டு வருவார். தம்பி ஒரு பந்து வீசினால் ஒரு விதை இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். ஆட்டம் சூடு பிடித்தால் மனிதர் தன்னை மறந்து அந்த விதைகளையே கொறித்துவிடுவார். அப்புறம் கணக்காவது ஒன்றாவது!

கோச்சுக்கு ஐம்பது வயது இருக்கும். பர்மியர். ஆசிரியரை அழைக்கிற மாதிரி எல்லோரும் அவரைச் "சயா" என்பார்கள். அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவர்களை நான் நம்புவதில்லை. அணியில் முன்பு ஐந்து பிட்ச்சர்கள் இருந்தார்கள். ஒருவன் மலேசியா போனான், இன்னொருவன் ஜப்பானுக்கு, மூன்றாமவன் எங்கே போனான் என்று அவன் வீட்டில் கேட்டால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மிச்சம் என் தம்பியும் ஒரு நெட்டைப் பையனும். நெட்டையனின் அப்பா குடிதண்ணீர் வியாபாரம் செய்கிறவர். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் கடை கேன்கள் மைதானத்துக்கு வந்து இறங்கும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒன்பது சுற்று. சயா தம்பியை ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேலும் வீச விட்டால், "கையை உடைச்சுப் போட்டுட்டு நெட்டையனுக்கு வழி பண்றாரு" என்பேன். நான்காவதிலேயே எடுத்துவிட்டு நெட்டையனை இறக்கினால், "பாத்தீங்களா, தண்ணி கேன் பேசுது" என்பேன். இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும் என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை கேட்டார். வந்தது. எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

போன வருடம் தை பிறந்ததும் தம்பி அடுத்தடுத்து நாலு ஞாயிறு வீசினான். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைய வராமல் கரண்டி கேட்டான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, நீ சும்மா இரு" என்றான். நான் சும்மா இருப்பேனா? முருகன் கோவிலுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு நேரடியாகவே பேசினேன். அந்த வலது தோளை நீ காப்பாத்து, பங்குனி உத்திரத்துக்கு அதே தோளில் உனக்குக் காவடி எடுக்க வைக்கிறேன். "அதே தோளில்" என்று அழுத்திச் சொன்னேன். கடவுளிடம் பேரம் பேசும்போது சரக்கைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பங்குனி பிறந்த சமயம் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டில் ஒரு போட்டிக்கு அணி போகிறது, ஆள் பொறுக்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவன் எதையும் கேட்டுப் பெற்றவன் இல்லை. இதை மட்டும் கேட்டான்: "அக்கா, இது கெடைச்சா நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அடுத்த நாளே சயா அவனிடம், இந்த வாரம் முழுக்கப் பயிற்சிக்கு வராதே, கையால் ஒரு வேலையும் செய்யாதே, பந்தைத் தொடாதே என்று சொல்லியனுப்பினார். நெட்டையன் மட்டும் தினமும் வர வேண்டுமாம். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் நல்ல பிட்ச்சரை வீட்டில் உட்கார வைக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

"அவனைத் தயார் பண்றாரு. உன்ன கழட்டி விடப் போறாரு" என்றேன்.

"ரெஸ்ட் குடுக்கிறாருக்கா. எனக்காகத்தான்."

"உனக்கு எல்லாரும் நல்லவங்க."

உத்திரம் வெள்ளிக்கிழமை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சிதான் இல்லையே, நேர்த்திக்கடனை முடித்துவிடு என்றேன். தம்பி தயங்கினான். சயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றான். கேட்டால் அதையே சாக்காக வைத்து உன் பெயரை அடித்துவிடுவார், வாயைத் திறக்காதே என்றேன். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் தோளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் சொன்னேன். இதைச் சொன்னது நான்தான். உத்திரம் வரை அவன் மீன், முட்டை தொடாமல் விரதம் இருந்தான். கடைக்கு வந்த அணிப் பையன்கள் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை காலை கோவில் தெருவில் உறுமி மேளம் அதிர்ந்தது. பால் செம்பு இரண்டு பக்கமும் கட்டிய மரக்காவடியை அவன் தோளில் ஏற்றினார்கள். தார் ரோடு கொதித்தது. நான் குடத்துத் தண்ணீரை அவன் பாதத்தில் ஊற்றிக்கொண்டே கூட நடந்தேன். பாதி வழியில் அவன் காவடியை இடது தோளுக்கு மாற்றப் பார்த்தான். நான் எக்கி அவன் காதில், "வலதுன்னு வேண்டியிருக்கு" என்றேன். திரும்பவும் வலதுக்கே மாற்றிக்கொண்டான். மூன்று மணி நேரம். கோவில் வாசலில் மேளத்துக்கு ஏற்ப அவன் காவடியைச் சுழற்றி ஆடியபோது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இனி எந்தச் சயா என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் இன்னிங்ஸ் எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவதில் பந்து அதைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்ச்சரின் கைக்குப் போகாமல் தரையில் குத்தியது. மூன்றாவதில் எதிரணிக்காரன் அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டி எங்கள் தலைக்கு மேல் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேர்வுக்காரர்கள் பேனாவை மூடினார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"தையில நாலு வாரம் விடாம வீச வச்சு புள்ள கைய முறிச்சுட்டியே! தண்ணிக்கு விலை போனவனே!" என்று பர்மியத்திலும் தமிழிலுமாகக் கத்தினேன். வேலியே அதிர்ந்தது. சயா திரும்பிப் பார்த்தார். தம்பியை வெளியே கூட்டி வந்து, நாங்கள் நிற்கிற பக்கமாகவே பெஞ்சில் உட்கார வைத்து, சட்டைக் காலரை மெதுவாக விலக்கினார். வலது தோளின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், ஊதா நிறத்தில் மரக்கட்டையின் தடம் பதிந்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார்.

"கடையில ஜெனரேட்டர் தூக்கினேன், சயா" என்றான் தம்பி. என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஒரு வாரம் எதையும் தொடாதே என்றேனே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. ஆசைப்பட்டது கைநழுவிப்போன மனிதனின் குரல் அது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். இத்தனை நாளும் அவனுக்காக ஆசைப்பட்டது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லி, கீழ்ப்படியாதவன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலிக் கம்பியைப் பிடித்தபடி நான் சொல்லிவிட்டேன். வேண்டிக்கொண்டது, மறைக்கச் சொன்னது, வலது தோள் என்று நான் பிடிவாதம் பிடித்தது, எல்லாம். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எதற்காக வேண்டிக்கொண்டாய், தங்கச்சி?" என்றார்.

"அந்தத் தோள் நல்லா இருக்கணும்னு."

"பந்து வீச என்னிடம் இரண்டே கைகள்தான் இருந்தன" என்றார். "அதில் நல்ல கையை இன்றைக்காக வைத்திருந்தேன்." பிறகு நெட்டையனைக் கூப்பிட்டு ஆட்டத்தில் இறக்கினார். அவன் நன்றாகவே வீசினான். தேர்வுக்காரர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

திரும்பும்போது, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் கூட்டமில்லை. என் வீட்டுக்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தம்பி இடது கையால் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறக்கப் பார்த்தான். வரவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, வெகு சாதாரணமாக, "அக்கா, இனிமே எனக்காக ஒண்ணும் வேண்டிக்காத" என்றான்.

"இல்லப்பா" என்றேன்.

ஆனால் ரயில் இன்சீனை விட்டுக் கிளம்பும்போதே வேண்டிக்கொண்டுவிட்டிருந்தேன். அவன் கை பழையபடி ஆகிவிட வேண்டும். அடுத்த உத்திரத்துக்கு நான் காவடி எடுக்கிறேன், என் தோளில். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.