வாசல் நிலவுக்கு அடியில் ஒரு அரைக் கிரவுன்

குமாரசாமியின் விசிட்டிங் கார்டில், பெயருக்குக் கீழே ‘பிரிட்டிஷ் நாணய ஆய்வாளர்’ என்று பொன் எழுத்தில் அச்சாகியிருக்கும். யார் கொடுத்த பட்டம் என்று கேட்டால் அச்சகத்துக்காரரைத்தான் கை காட்ட வேண்டும். பிழைப்புக்கு அவர் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் குவாலிட்டி இன்சார்ஜ். நான் அங்கேயே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பதினான்கு வருடமாக அவர் பேச்சைக் கேட்டு வருகிறேன். அதற்கென்று எனக்குத் தனியாக ஒரு அலவன்ஸ் தரலாம்.

ஆனால் ஆளுக்கு விஷயம் தெரியும். அதுதான் எரிச்சலே. காசைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்க மாட்டார், விளிம்பைப் பார்ப்பார். வார்ப்பில் ஊற்றிய போலி என்றால் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், பரப்பில் ஊசி முனை போலக் குழிகள் இருக்கும். பிறகு துணியில் தையல் விட்டுப்போன இடம் தேடும் அதே லென்ஸால் எழுத்தையும் வருடத்தையும் ஆராய்வார். கடைசியில் தராசு. எங்கள் லேபில் துணியின் கனம் பார்க்க ஒரு மின்தராசு உண்டு. துணியை வட்டமாக வெட்டி வைத்தால் கிராமில் நூற்றில் ஒரு பங்குவரை காட்டும். அந்தத் தராசு சொல்வதுதான் குமாரசாமிக்குத் தீர்ப்பு.

அவரைத் தேடி வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செல்போனில் எவனோ ஒரு வீடியோ போட்டுவிடுவான், ராமர் படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுக்குக் கோடி ரூபாய் என்று. மறுநாளே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒரு பிளீச்சிங் பட்டறை முதலாளி, விக்டோரியா தலை போட்ட நல்ல வெள்ளிக் காசு பன்னிரண்டையும் ஆசிடில் முக்கி, பளபளவென்று எடுத்துக்கொண்டு வந்தார். நூறு வருடம் படிந்த கருமையைக் கழுவிய பிறகு சேகரிப்பவன் எவன் தொடுவான்? குமாரசாமி அவரிடம், “இனி இத எடைக்குத்தான் போடோணுமுங்க, பித்தள அண்டாவோட சேத்து” என்றார். முதலாளி போனபின் அரை மணி நேரம் சிரித்தார். அடுத்தவன் முட்டாள்தனத்தில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மதியச் சோற்றை விட அது அவருக்கு நன்றாகச் செரிக்கும்.

அவருடைய உயிர் ஒரு ஆல்பத்தில் இருந்தது. ஏழாம் எட்வர்டின் அரைக் கிரவுன், 1902 முதல் 1910 வரை ஒன்பது வருடத்துக்கு ஒன்பது வெள்ளிக் காசுகள். எட்டு வந்துவிட்டன. 1905 மட்டும் இல்லை. அந்த வருடம் குறைவாக அடித்ததால் கிடைப்பது அரிது, போலியோ ஏராளம். பதினோரு வருடமாக ஆல்பத்தில் அதற்கான குழி மட்டும் காலியாகக் கிடந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட மகளைக் காட்டுவதற்கு முன் அந்தக் குழியைக் காட்டிய மனிதர் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போன சித்திரையில் ஒரு ஆர்டரில் துணியின் கனம் குறைந்துபோனது. சதுர மீட்டருக்கு நூற்றறுபது கிராம் இருக்க வேண்டியது நூற்றைம்பத்து நாலு. சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. குமாரசாமி பதறவில்லை. தராசைச் சரிபார்க்க வைத்திருந்த நூறு கிராம் எடைக்கல்லை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், அடியில் குடைந்து தொண்ணூற்றாறு கிராம் சொச்சம் ஆக்கிக்கொண்டு வந்தார். அதை வைத்து, இதுதான் நூறு என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அது எல்லாவற்றையும் நூற்றுக்கு நாலு கூட்டியே காட்டியது. இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், நூற்றறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பியது. தராசைப் பழையபடி திருத்த வேண்டும் என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. இந்த அயோக்கியத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

அந்த வாரம்தான் சித்ரகலா காசைக் கொண்டுவந்தாள். லேப் வாசலை ஒட்டிய செக்கிங் டேபிளில் பனியனில் பழுது பார்க்கும் வேலை, வெள்ளகோவிலில் இருந்து கம்பெனி வேனில் வருகிறவள். டிபன் பை ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்ததை எடுத்து அந்த டேபிள்மேலேயே குமாரசாமி முன்னால் வைத்தாள்.

“ஏனுங் சார், ஊடு கட்டறமுங்க. பழைய பொட்டிய ஒழிக்கையில இது கெடச்சுதுங்க. எங்க அப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, வால்பாறைல தொரை ஊட்டுச் சமையக்காரருங்க. தொரை சீமைக்குப் போறப்பக் குடுத்ததாமா. நெசமா இருந்தா நீங்களே ஒரு வெல போட்டு எடுத்துக்கங்க.”

1905. குமாரசாமியின் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். அடுத்த கணமே முகம் மாறிவிட்டது. பதினோரு வருடம் தேடியும் கிடைக்காதது ஒரு செக்கிங்காரியின் டிபன் பையில் வருமா? அவர் மனம் ஒப்பவில்லை. லென்ஸைக் கையில் எடுக்கவே இல்லை. நேராக லேபுக்குள் போய்த் தராசில் போட்டார். 14.64 காட்டியது. டேபிளுக்குத் திரும்பி வந்து சொன்னார்:

“இருக்க வேண்டியது பதினாலு புள்ளி ஒண்ணு நாலு. தேஞ்ச காசு கொறையோணும், கூடப்படாது. டூப்பு அம்மணி, சுத்தமான டூப்பு. தொரை உங்கப்புச்சிய நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கறான்.” டேபிளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது போதாதென்று இன்னொன்றும் சொன்னார். “ஊடு கட்டறீங்களல்ல? வாசல் நிலவு நடறப்ப அடியில ஒரு காசு போடுவீங்களே, அதுக்கு ஆகும். போட்டுரு.”

“சரீங் சார்” என்று அவள் மறுபடி முடிந்துகொண்டாள். முகம் சிவந்திருந்தது. எனக்கு அவரைச் செவிட்டில் ஒன்று விடலாம் போல இருந்தது. விடவில்லை.

தலைவாசல் நிலவு, அதாவது கதவு நிலை, நடும்போது அடியில் காசும் நவதானியமும் வைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நட்டபின் அந்த நிலவை யாரும் அசைக்க மாட்டார்கள். அடுத்த வாரமே சித்ரகலா அந்தக் காசைப் போட்டு நிலவு நட்டுவிட்டதாக டேபிளில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து யாரோ ஒரு கோயமுத்தூர்க்காரர் ஆல்பம் பார்க்க வந்தார். அவர் முன்னால் பெருமை அடிக்க, குமாரசாமி தன்னுடைய 1904ஐ எடுத்துத் தராசில் வைத்தார். ஆல்பத்தில் அவர் கைப்பட எழுதியிருந்தது 14.10. தராசு காட்டியது 14.66. எடுத்து வைத்தார், துடைத்து வைத்தார், விசிறியை நிறுத்திவிட்டு வைத்தார். 14.66தான். அப்போதுதான் எடைக்கல் அவர் நினைவுக்கு வந்தது. ஒரு காகிதத்தில் சித்ரகலாவின் காசுக்குக் கணக்குப் போட்டார். 14.08. தேய்ந்த அசல் காசின் எடை.

கோயமுத்தூர்க்காரர் போனபின் நான் வேண்டுமென்றே கேட்டேன், “தண்ணிக்குள்ள தொங்கவிட்டு ஒரு எடை பாப்பீங்களே, அத ஏனுங்க பாக்கல?” வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை, இரண்டையும் ஒப்பிட்டால் வெள்ளியா ஈயமா என்று தெரிந்துவிடும். தராசு இரண்டையும் ஒரே அளவு கூட்டிக் காட்டினாலும் அந்த விகிதம் மாறாது. பொய்த் தராசும் அன்று உண்மையைச் சொல்லியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு முழ நூலும் போதும். பனியன் கம்பெனியில் நூலுக்கா பஞ்சம்? அவர் ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் வரை வண்டியில் கூட்டிப்போக முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வீடு ஏறக்குறைய முடிந்திருந்தது. நிலவில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தார்கள். சித்ரகலாவும் அவள் புருஷன் பொன்னுச்சாமியும் எங்களை வாங்க வாங்க என்றார்கள். பொன்னுச்சாமி கொத்தனார். அவரே நட்ட நிலவு அது. குமாரசாமி வாசலுக்கு வெளியே நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெட்கமே இல்லாமல் ஆரம்பித்தார்.

“நிலவு கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்குதுங்களே. வேப்ப மரம் வேற. நான் தேக்குல புதுசாப் போட்டுத் தர்றனுங்க. எஞ்செலவு.”

பொன்னுச்சாமி உள்ளே போய்த் தூக்குக்குண்டை எடுத்துவந்து நிலவின் மேல் மூலையில் இருந்து கயிற்றை விட்டார். குண்டு ஆடி நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. “நேராத்தானுங்க இருக்குது” என்று குண்டைச் சுருட்டிக்கொண்டார்.

சித்ரகலா குமாரசாமியை நேராகப் பார்த்துக் கேட்டாள், “ஏனுங் சார், அந்தக் காசு நெசமுங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தராசைக் கெடுத்ததைச் சொல்ல வேண்டும். லென்ஸைத் தொடாமல் தீர்ப்புச் சொன்னதையும், நாலு பேர் முன்னால் அவள் அப்புச்சியைக் கேலி பேசியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னால் அந்தக் குழி நிறைய ஒரு வழியாவது இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மாவிலையைப் பார்த்தேன்.

“ச்சே ச்சே. டூப்புதான் அம்மணி. நாஞ் சொன்னா மாறுமா?”

“அப்பச் சரீங்க. உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம். நிலவ மிதிச்சராம வாங்க சார்.”

பதினோரு வருடம் தேடியதன் மேல் அவர் காலைத் தூக்கி வைத்துத் தாண்டி உள்ளே போனார். காப்பியில் சர்க்கரை போதாது என்று குறை வேறு சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை கேன்டீனில் சித்ரகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, எடைக்கல், என் பங்கு, அந்தக் காசுக்கு இன்றைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதுவரை. அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

“அன்னிக்கே தெரியுமுங் சார். டூப்புக் காசுக்கு யாருங்க வெள்ளகோவில் வரைக்கும் வருவாங்க? எங்க ஊட்டுக்காரரும் அன்னிக்கு ராத்திரியே கேட்டாருங்க, நிலவ ஒடச்சுப் பாக்கலாமான்னு. நாந்தான் வேண்டாம்னுட்டனுங்க. எங்க அப்புச்சிய டேபிள்ல எல்லாரும் இருக்கையில சொன்னாருங்களல்ல? அதே டேபிள்ல அவரு வாயால நெசம்னு சொல்லட்டுங்க. சொன்னா அன்னிக்கே கடப்பாரை எடுத்துருவமுங்க.”

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் குமாரசாமி அந்த டேபிளைத் தாண்டித்தான் லேபுக்குப் போகிறார். சித்ரகலா எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். அவரும் பதிலுக்கு வணக்கம் மட்டும் சொல்கிறார்.