வாய் திறக்காத பிள்ளை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே தெரியும். தேயிலை ஃபாக்டரியில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். அப்படிப்பட்டவனிடம் வந்து, "இந்தக் குட்டி ஊமையாணோ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

மகளைக் கூப்பிடப் போனபோது அப்படிக் கேட்டவர், மலையாளம் பேசும் பாலவாடி டீச்சர். எழுபதுகளின் நடுவில், கேரளத்துத் தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருந்தோம். மகளுக்கு ஐந்து வயது முடிகிற நேரம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர வரும் பிள்ளை ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த அடுத்த வருஷம் லயத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வந்ததில்லை. தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்திவிடுவோம், அப்புறம் நேரே கொழுந்துக் கூடைதான்.

"ஒரு வருஷமாயி, ஒரு வார்த்தை மிண்டியிட்டில்ல" என்றார் டீச்சர். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். மகனைக் கூப்பிட வந்திருந்த கிளார்க் வீட்டம்மா, "பாண்டிப் பிள்ளேரு எல்லாம் இங்ஙனே தன்னே" என்று சிரித்தார். எல்லாம் இப்படித்தானாம். பாண்டி என்பது தமிழர்களை அங்கே இளப்பமாகச் சொல்லும் பேர். உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்னால் பாய், அதில் கிளார்க், சூப்பரவைசர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். பின்னால் சாக்கு, அதில் எங்கள் பிள்ளைகள். சாக்கில் இருந்த ஒரு பிள்ளைகூட அசையவில்லை. என் மகள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வீட்ல அவ வாய அடைக்கத்தான் ஆள் வேணும். ஒரு நா எங்க லயத்துக்கு வந்து பாருங்க டீச்சர், அப்பொறம் ஊமைன்னு சொல்லுங்க" என்று கத்திவிட்டு வந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். மே மாத மழை அப்போதுதான் விட்டிருந்தது. கையில் கறுப்புக் குடை, காலில் செருப்பு. அதுவரை கோழியைத் துரத்திக்கொண்டு கத்திய என் மகள், செருப்புச் சத்தம் கேட்டதும் சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். கையைக் கட்டினாள். வாய் மூடிக்கொண்டது. எனக்கு மானம் போனது போலிருந்தது. பேசுடி என்று ஓர் அதட்டல் போடப் போனேன்.

என் மனைவி தடுத்தாள். "அவள வையாதீங்க" என்றவள் டீச்சரிடம் திரும்பினாள். "இங்க செருப்பும் குடையுமா வாறவுக தொரையோ சூப்பரவைசரோதான் டீச்சர். அவுக வந்தா ஒதுங்கி நில்லு, வாயத் தொறக்காதன்னு நடக்கப் பழகும்போதே சொல்லிருவோம். ஒங்களையும் அப்படித்தான் நெனைக்கா. மரியாதைக்கு நிக்கா டீச்சர். ஊமை இல்ல."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு குடையையும் செருப்பையும் வெளியில் வைத்துவிட்டு உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். மனைவி பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர் குடித்தார். ஆனாலும் மகள் சுவரை விட்டு வரவில்லை.

சாயா பாதி குடிப்பதற்குள், "டீச்சர் கால்ல அட்டை!" என்று ஒரு சத்தம். மகள்தான். டீச்சர் குனிந்து பார்த்து, "அய்யோ!" என்று அலறிக் காலை உதறினார். "ஒதறாதீங்க, ஒதறாதீங்க" என்று அதட்டிக்கொண்டே மகள் உப்புச் சாடிக்கு ஓடினாள். ஒரு கையால் டீச்சர் காலைப் பிடித்து, மறு கையால் உப்பை அப்பினாள். அட்டை சுருண்டு விழுந்தது. "இம்புட்டுப் பெரிய ஆளு, ஒரு அட்டைக்கா அழுவுதீக?" என்று கேட்டாள். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாளிலிருந்து பாலவாடியில் பாயும் இல்லை, சாக்கும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வட்டமாகத் தரையில். டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வட்டத்திலேயே உட்கார்ந்தார். எங்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழும் கற்றுக்கொண்டார். அந்தத் தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்தது. பாண்டிப் பிள்ளைகளோடு கலந்து உட்கார வைப்பதா என்று கிளார்க் வீட்டம்மா சண்டைக்கு வந்தார். "இவிடே குட்டிகள் மாத்ரமே உள்ளூ" என்றார் டீச்சர், இங்கே இருப்பது பிள்ளைகள் மட்டும்தான் என்று. அந்த அம்மா கோபித்துக்கொண்டு மகனைக் கூட்டிப் போனார். வீட்டில் ஒண்டியாக இருக்க முடியாமல் அவன் அழுது அடம்பிடித்துத் திரும்பி வந்துவிட்டான்.

ஆனாலும் ஹெட்மாஸ்டர் பாக்கி இருந்தார். ஜூன் மாதம் அவர் அறைக்குள் போனோம். பெரிய மேஜை, பளபளக்கும் ஷூ, மூலையில் குடை. மகளின் கை தானாகக் கட்டிக்கொண்டது. "பேரென்ன?" என்றார். மகள் தரையைப் பார்த்தாள். இரண்டாம் முறை கேட்டார். பேனாவை மூடப் போனார்.

எங்களோடு வந்திருந்த டீச்சர் மகளின் பக்கத்தில் போய்த் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், அந்த ஹெட்மாஸ்டர் முன்னாலேயே. "சொல்லு மோளே. இந்த சாரும் நம்ம ஆள்தான்" என்றார்.

மகள் டீச்சரைப் பார்த்தாள், ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தன் பேரைச் சொன்னாள். கேட்காமலே என் பேரையும் அம்மா பேரையும் சேர்த்துச் சொன்னாள். ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார்.

என் மனைவி அரைநாள் வேலையை விட்டுவிட்டு வெளியே மழையில் நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து, "பேசிட்டாளா? ஏங்க, பேசிட்டாளா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"நான் பேசிட்டேம்மா" என்றாள் மகள். "அப்பாதான் பேச மாட்டேங்காரு."