நூற்றுப் பதினாறாவது ஆப்ஷன்

ஆப்ஷன் ஏற்றித் தரும் தொழிலில் விரல்களுக்குத்தான் வேலை, வாய்க்கு வேலை கிடையாது.

பிள்ளையை இன்ஜினியரிங்கில் சேர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஏதோ ஒரு நெட் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கல்லூரிப் பெயர்களை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றியிருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருப்பார். திருப்பதியில் அந்த ஆள் நான்.

நான் படித்தது எட்டாவது வரை. சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியின் வாசலில் நின்று, லாரியில் வந்த பழக்கூடைகளைப் பத்தொன்பது வருஷம் எண்ணி எழுதினேன். பிறகு திருப்பதிக்கு வந்து, சான்றிதழ் சரிபார்க்கும் மையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்துக் கடை போட்டேன். கவுன்சிலிங் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்த புதிது. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் வேண்டும் என்று ஊரே முடிவு செய்திருந்த காலம். டைப் அடிக்க விமலா வருவாள். நாற்பது வயது, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன்.

ஒரு கல்லூரி, அதில் ஒரு பிரிவு, இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆப்ஷன். எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகப் போடலாம். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, ரேங்குக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று யார் கேட்டாலும் சொல்வதில்லை என்பது எங்கள் கடைச் சட்டம். கூச்சத்துக்கு நான் வைத்த பெயர் அது. ஆனால் எதற்காக ஒன்றை முதலில் போடுகிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தெரிந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

டிரைவர் பெயர்

சித்தூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். ஏழு கல்லூரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு நேரத்தைக் குறித்திருந்தார். ஐந்து பத்து, ஐந்து இருபத்தைந்து, ஆறு. நேரத்தின் வரிசையில்தான் கல்லூரியின் வரிசையும் இருந்தது. விமலா ஏற்றி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அது என்ன நேரம் என்று விமலா வழியாகக் கேட்டேன்.

காலேஜ் பஸ் சாயங்காலம் அவர்கள் தெரு முனைக்குத் திரும்பி வரும் நேரமாம். இரண்டு வாரம் முனையிலேயே நின்று பார்த்து எழுதியிருக்கிறார். பாடம் நடத்துகிறவர்களைப் பற்றி விசாரிக்கவில்லையா என்று விமலா கேட்டாள். அந்த அம்மா சொன்னது: "லெக்சரர் யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. டிரைவர் யாருன்னு தெரியும், பேசி வச்சிட்டு வந்திருக்கேன்."

தெருவில் நான்கு பேர்

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பேரனுக்கு மெக்கானிக்கலை முதலில் போடச் சொன்னார். பேரனின் ரேங்குக்குக் கம்ப்யூட்டர் பிரிவே வரும். அதை விட்டு இதைக் கேட்பவர் அந்த சீசனில் அவர் ஒருவர்தான். நானே வாய் திறந்து, தயங்கித் தயங்கி, ஏன் என்று கேட்டுவிட்டேன்.

அவரும் என்னைப் போலக் கணக்கு வைக்கிறவர். அவர் தெருவில் இன்ஜினியர்கள் நான்கு பேர். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "கம்ப்யூட்டர் படிச்ச மூணு பேரும் அமெரிக்காவுல கீறாங்க. மெக்கானிக்கல் படிச்சவன்தான் அவன் அப்பனை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறான்."

சும்மா பார்க்கலாம்

இதை எழுதாமல் விடலாம். ஆனால் பின்னால் வரப்போவதற்கு இது வேண்டும்.

இரண்டாம் சுற்று என்று ஒன்று உண்டு. முதல் சுற்றில் கிடைத்த சீட்டைவிட நல்லதாக ஏதாவது காலியாகியிருந்தால் அதற்கு ஆப்ஷன் போடலாம். அரசாங்கம் கொடுத்த குறிப்புத் தாளை நான் முழுக்கப் படித்தவன். மொத்தம் இருபத்து மூன்று குறிப்புகள். பதினோராவது குறிப்பு இது: இரண்டாம் சுற்றில் நீ போட்டதில் எது கிடைத்தாலும், கையில் இருந்த பழைய சீட்டு அந்த நிமிஷமே அடுத்தவருக்குப் போய்விடும். திரும்ப வராது.

ஒரு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். மகனுக்குத் திருப்பதியிலேயே கம்ப்யூட்டர் பிரிவு கிடைத்திருந்தது. சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றார் தகப்பனார். ஐதராபாத்தில் இரண்டு கல்லூரி போட்டார். மூன்றாவதாக, தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதற்காக, வடகோடியில் ஒன்று. பதினோராவது குறிப்பு என் நாக்கு நுனியில் நின்றது. கேட்காமல் சொல்வதற்கு நான் யார் என்று இருந்துவிட்டேன். ஐதராபாத் இரண்டும் கிடைக்கவில்லை. தங்கை ஊர் கிடைத்தது, திருப்பதி போய்விட்டது. பிரிண்ட் எடுக்க மகன் மட்டும்தான் வந்தான். சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த குறிப்புத் தாளை மெதுவாகப் படித்தான். பதினோராவதுக்கு அடியில் என் கைப்படப் போட்ட பென்சில் கோடு இருந்தது. திரும்பி என்னைக் கேட்டான்: "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

நாலு பேப்பர்

மறு வருஷம் பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து முனிரத்தினம் வந்தார். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, இவர் காலத்தில்தான் சொந்தமாக இரண்டு ஏக்கர். கூட மகள் பவானி. அவர் வீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. ஹாஸ்டலில் இருந்தாலும், காலையில் கிளம்பினால் பெண் மத்தியானம் சோறு துன்ன வீட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் கல்லூரி இருக்க வேண்டும். அதாவது திருப்பதி. அதைத் தாண்டினால் படிப்பே வேண்டாம் என்று பவானியின் அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாராம்.

ஆனால் சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் ஏஜென்ட் அவரைப் பிடித்திருந்தான். பவானி ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஊத்துக்கோட்டையில் அத்தை வீட்டிலிருந்து படித்தவள். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் படித்ததால் இங்கே லோக்கல் ஒதுக்கீடு கிடையாது, திருப்பதி சீட்டைக் கனவிலும் நினைக்காதே, எங்களிடம் இப்போதே சேர்த்துவிடு என்று பயமுறுத்தியிருந்தான். மனைவியை எப்படியாவது சம்மதிக்க வைத்து அங்கேயே சேர்த்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சான்றிதழ்களை வாங்கி மேஜையில் பரப்பினேன். மூன்றை ஒதுக்கினேன். ஒன்பது, பத்து, பிளஸ் டூவுக்குச் சமமான இண்டரில் முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று மிச்சத்தை வரிசையாக வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சத்தமாக எண்ணினேன். கடைசி நான்கு வருஷம் தொடர்ந்து இந்தப் பக்கம் படித்தவர்கள் லோக்கல் என்ற வரியைக் குறிப்புத் தாளில் விரலால் காட்டினேன். எண்ணுவது யோசனை சொல்வதில் சேராது என்பது என் எண்ணம்.

முனிரத்தினம் அந்த நான்கையும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "அந்தாண்ட போனா ஆந்திராக்காரன்றான், இந்தாண்ட வந்தா தமிழ்க்காரன், அரவம்ன்றான். நான் எந்த ஊர்க்காரன்னு நாலு பேப்பர் சொல்லிச்சு பாரு."

நூற்றுப் பதினாறு

முதல் சுற்றில் நாற்பது ஆப்ஷன் போட்டார்கள். திருப்பதியிலேயே அரசுக் கல்லூரி, சிவில் பிரிவு. பவானி ஆசைப்பட்டது எலெக்ட்ரானிக்ஸ். ஆனாலும் சிவிலைப் பார்த்து அவள் முகம் சுருங்கவில்லை. இரண்டாம் சுற்று தொடங்கிய அன்று காலை முனிரத்தினம் ஒரு நீளத் தாளோடு வந்து நின்றார், நான்கு மூலையிலும் மஞ்சள். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நாற்பது என்று எங்கேயாவது எழுதுவார்களா, நூற்றுப் பதினாறு எழுதியிருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்திருக்கும் என்று. எங்கள் பக்கம் கல்யாண மொய்யானாலும் ஐயருக்குத் தட்சிணையானாலும் நூற்றுப் பதினாறுதான். தாளில் முதல் இரண்டு வரி திருப்பதி எலெக்ட்ரானிக்ஸ். மீதி எல்லாம் கேள்விப்படாத ஊர்கள், கடற்கரையோரம், ஒரிசா எல்லை. அதெல்லாம் சும்மா எண்ணிக்கைக்கு என்றார்.

விமலா கீபோர்டில் கை வைத்துவிட்டாள். சுவரில் பென்சில் கோடு தெரிந்தது. போன வருஷத்துப் பையனின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் வாயிலிருந்து நான்கே வார்த்தை வந்தது, அதையும் எண்ணியிருக்கிறேன்: "ஏத்தினா கையில இருக்கறது போயிடும்." விமலா கையை எடுத்துவிட்டு, நான் பேசியதை நம்பாதவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு பதினோராவது குறிப்பை அவரிடம் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை படித்துக் காட்டினாள்.

முனிரத்தினத்துக்குப் புரிந்தது. அதனால்தான் சிக்கல். சீட்டு போகக் கூடாது, மஞ்சள் வைத்து எழுதியதைக் குறைக்கவும் கூடாது. குறைத்தால் அபசகுனம் என்று வீட்டில் சண்டை வரும். அரை மணி நேரம் தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. பவானிதான் வழி சொன்னாள்: "நைனா, கம்ப்யூட்டருக்கு மொத ரெண்டு போதும். சாமிக்கு நூத்திப் பதினாறையும் எழுதிக் குடுத்துடலாம்."

ஒன்று குறைகிறது

விமலா இரண்டு ஆப்ஷனை ஏற்றினாள். எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் சிவில் அப்படியே இருக்கும். அலிபிரியில் மலை ஏறும் இடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவதற்கு, முழுப் பட்டியலையும் வெள்ளைத் தாளில் நான் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்து எண்ணினால் நூற்றுப் பதினைந்து. மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழாவதும் தொண்ணூற்றிரண்டாவதும் ஒரே கல்லூரி, ஒரே பிரிவு. தாளைப் பார்த்து எழுதும்போதே என்னை அறியாமல் ஒன்றை விட்டிருக்கிறேன்.

இதைச் சொல்லாமல் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்தொன்பது வருஷம் கூடை எண்ணியவனால் அது முடியவில்லை. சொன்னேன். ஒரு நாளில் இரண்டாவது தடவை நானாகப் பேசியது அதுதான். ஏதாவது ஒரு கல்லூரியை எழுதிவிடலாம் என்றாள் விமலா. முனிரத்தினம் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊரைச் சாமிகிட்ட கேட்கலாமா என்றார். மற்ற நூற்றுப் பதின்மூன்று ஊர்களைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்க கடை பேரை எழுதுங்கண்ணா. சீட்டு போச்சின்னா எம்பொண்ணு இங்கதான வந்து குந்திக்கினு இருக்கணும்."

எழுதினேன். எண் நூற்றுப் பதினாறு, கடையின் பெயர், பிரிவு என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

மாற்றம் இல்லை

இரண்டாம் சுற்று முடிவு வந்த அன்று பவானி தனியாக வந்தாள். விமலா அவள் எண்ணைத் தட்டினாள். மாற்றம் எதுவும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் வரவில்லை, திருப்பதி சிவில் அப்படியே இருந்தது. அவள் ஹாஸ்டலுக்கு வேண்டிய ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். மூன்று பிரதி, நானே அடுக்கிக் கொடுத்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்காததில் வருத்தமா என்று கேட்கத் தோன்றியது. அதைக் கேட்காமல், நைனா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

பவானி சிரித்தாள். "நைனா சந்தோஷமாத்தான் கீறாரு தாத்தா. சாமி கடைசி வரைக்கும் படிச்சிட்டு, உங்க கடை பேரைப் பாத்துதான் பொண்ணு இங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டாராம்."

இத்தனை வருஷம் ஊரார் பட்டியல்களை ஏற்றியதில் என் கடை இடம்பிடித்தது அந்த ஒன்றில், நூற்றுப் பதினாறாவதாக. எட்டாவது படித்தவன் ரேங்குக்கு அதுவே அதிகம்.