பாலாற்றைப் பற்றி இரண்டு வரி

யாராவது எனக்குப் பொன்னாடை போர்த்தினால் நான் என்ன வேண்டுமானாலும் பேசுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; டாக்டரிடம் சொல்வது மாதிரி சொல்கிறேன். அந்தச் சரிகைத் துணி தோளில் விழுந்ததும் முதுகெலும்பு எங்கோ கரைந்துபோய் நாக்கு மட்டும் நீண்டுவிடுகிறது. நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எப்போதாவது பத்திரிகையில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை வரும். வேறு ஆள் கிடைக்காததால் எங்கள் பேரூராட்சி எல்லைக்குள் நான்தான் எழுத்தாளர். சேர்ந்துபோன பொன்னாடைகளை என் மனைவி கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் உறையாகத் தைத்துவிட்டாள். எங்கள் மிக்ஸியைப் பார்த்தால் ஏதோ விருது வாங்கிய மிக்ஸி மாதிரி இருக்கும்.

அப்படியொரு பொன்னாடைக்காகத்தான் பின்போர்ஷன்காரிக்குக் கிடைக்க இருந்த வீட்டுமனையைப் பேசியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தேன்.

பின்போர்ஷன்காரி என்றால், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருப்பவள். மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். என்னை அண்ணா என்பாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஹைரோட்டு முனையில் வந்து நிற்கும். விட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அடிக்கடி விட்டால் வேலையே இல்லை. ஓசூருக்கு வேலைக்குப் போன புருஷன் போன்கூடப் பண்ணுவதில்லை. ஒரே மகள், ஹைரோட்டுப் பள்ளியில் எட்டாவது. ஆக, அவளுடைய உலகம் அந்த பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்துக்குள் அடங்கியது.

அந்த முனையில்தான் என் தோஸ்த் லேஅவுட் போட்டான். வேலூரில் என்னோடு ஒன்றாகப் படித்தவன். பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதி என்னைவிட ஜாஸ்தி மார்க் வாங்கியவன். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெரிய லேஅவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தை, வசதியில்லாதவர்களுக்கான சின்ன மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தோஸ்த் ஒதுக்கினான். பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய மூலையில், மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டான். மற்ற மனைகளுக்கெல்லாம் வெள்ளைக் கல். ஷூ கம்பெனிப் பெண்களுக்குத்தான் முதல் உரிமை, விலையும் கம்மி என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தான்.

"அண்ணா, அவரு உங்க ஃப்ரெண்டாமே. நெஜமாவே குடுப்பாரா?" என்று கேட்டாள் பின்போர்ஷன்காரி.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "இவரு இருக்குறதுதான் எனக்கு பயமா இருக்கு."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவளும் மகளும் மஞ்சள் கற்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மகள் செருப்புக் காலால் மண்ணில் கோடு கிழித்து அறை பிரிப்பாள். ஒருநாள் நானும் போயிருந்தேன். "அங்கிள், நீங்க கிச்சன்ல நிக்கறீங்க" என்று என்னைத் தள்ளி நிற்க வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு நான்தான் சிறப்புப் பேச்சாளர். மேடை ஏறும் முன் தோஸ்த் என் காதருகே குனிந்தான். "பாலாத்தப் பத்தி ரெண்டு வரி சேத்துக்கோடா. அக்கரை, இக்கரைன்னு ஏதாவது. உனக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும்." இலக்கிய ரசனை இல்லாதவன் என்று இத்தனை வருஷம் அவனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. பொன்னாடை விழுந்தது. நாக்கு நீண்டது.

"பாலாற்றின் இக்கரையானால் என்ன, அக்கரையானால் என்ன? நம் பெயருக்கு ஒரு கல் நட்ட இடம்தான் நமக்கு ஊர்!" என்றேன்.

அப்படியொரு கைதட்டலை நான் அதுவரை வாங்கியதில்லை. மஞ்சள் கல்லுக்குப் பெயர் எழுதி வைத்திருந்த அத்தனை பெண்களும் தட்டினார்கள். முன்வரிசையில் பின்போர்ஷன்காரி தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து திரும்பியவள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அண்ணா, பஸ்ல இருந்து பாத்தேன். கல்லெல்லாம் வெள்ளையா இருக்குது" என்றாள்.

தோஸ்த்தின் ஆபீஸுக்கு ஓடினேன்.

"இன்னாடா, கல்லு கலர் மாறிப்போச்சு?"

"மழையில பெயிண்ட் போய்ட்டிருக்கும்."

"மழையில மஞ்ச போவும். வெள்ள எப்படிடா வரும்?"

சிரித்தான். டீ சொன்னான். போனில் மேப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினான். "அந்த முனைய ஒரு பெட்ரோல் பங்க்குக்கு கேக்குறாங்கடா. நல்ல பார்ட்டி. அதே லேஅவுட்லதான் குடுக்கணும்னு ரூல் இல்ல. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எங்க குடுத்தாலும் செல்லும். இங்க பாரு."

ஹைரோட்டு முனையிலிருந்து ஒரு நேர்க்கோடு கிளம்பி, பாலாற்றைத் தாண்டி, மூடிப்போன ஒரு டேனரியின் பின்பக்கத்தில் போய் நின்றது. ஒரு காலத்தில் தோல் கழுவின தண்ணீர் தேங்கிக் கிடந்த இடம். மழை பெய்தால் இப்போதும் அந்த மண் தன் பழைய வேலையை ஞாபகப்படுத்தும்.

"நடுவுல ஆறு இருக்குதேடா."

"தண்ணி இருந்தாத்தாண்டா ஆறு. இப்ப அது மணலு. எறங்கி நடந்தா முடிஞ்சிபோச்சி."

"வெள்ளம் வந்தா பள்ளிகொண்டா போய்ப் பாலம் ஏறித்தான் சுத்திகிட்டு வரணும். விடியறதுக்குள்ள பொம்பளைங்க எப்படிடா பஸ் புடிப்பாங்க?"

"பேஜார் பண்ணாத. வெள்ளிக்கிழம பேரூராட்சி மீட்டிங்ல தீர்மானம் ஆயிடும். உன் புண்ணியத்துல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

தீர்மானத்துக்கு முன்னாடியே பெயிண்ட் அடித்துவிட்ட அவனுடைய நம்பிக்கை என்னை அசர வைத்தது. என் புண்ணியம் எங்கே வந்தது என்றுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்போர்ஷன்காரி லீவு போட்டாள். அவளும், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும், நானும் பேரூராட்சிக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். தெருநாய், தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ரிப்பேர் என்று தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏகமனதாக நிறைவேறிக்கொண்டிருந்தன. நாய்க்கு மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது. மனை மாற்றம் வந்தபோது ஒரே ஒரு வார்டு உறுப்பினர் எழுந்தார்.

"தலைவரே, ஆத்துக்கு அந்தாண்ட போனா அந்தப் பொம்பளைங்க ஒத்துக்குவாங்களா?"

தலைவர் புன்னகையோடு நிமிர்ந்தார். "இன்னா இப்படிக் கேக்குறீங்க? தெறப்பு விழாவுலயே பேசி முடிச்சதுதானே. அக்கரையானா இன்னா, இக்கரையானா இன்னான்னு நம்ம எழுத்தாளர் ஐயா சொன்னாரு. பயனாளிங்க அத்தினி பேரும் கைதட்டி வரவேத்தாங்க. வீடியோ இருக்குது. வேணும்னா போட்டுக் காட்றேன்."

பாலாற்றைப் பற்றி இரண்டு வரி. அன்றைக்கு என் காதருகே அவன் குனிந்தபோது வீசிய அத்தர் வாசனைகூட எனக்குத் திரும்ப வந்தது. அப்போதே அவனிடம் பெட்ரோல் பங்க் பேரம் இருந்திருக்கிறது. என்னிடம் உவமை மட்டும் இருந்திருக்கிறது. பரீட்சையில் பார்த்து எழுதியதையாவது மன்னிக்கலாம். இந்த முறை கேள்வியை அவன் வைத்துக்கொண்டு, பதிலை மட்டும் என்னை எழுத வைத்து, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முப்பது வருஷச் சிநேகிதம். அதற்கும் பெயிண்ட் அடித்துவிட்டான்.

மறுத்துப் பேச எழுந்தேன். பின்போர்ஷன்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, ஐயாவே வந்திருக்காரு!" என்றார் தலைவர். "ஐயாவுக்கு ஒரு மரியாதை பண்ணுங்கப்பா."

எங்கிருந்தோ ஒரு பொன்னாடை பறந்து வந்து என் தோளில் விழுந்தது. எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலிலேயே தீர்மானமும் நிறைவேறிவிட்டது. என் வாழ்க்கையிலேயே பொன்னாடை போர்த்தியும் எனக்குப் பேச்சு வராமல் போனது அன்று ஒருநாள்தான். "இது சரியில்லைங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் குப்பை வண்டி டெண்டருக்குப் போய்விட்டார்கள்.

அந்த இரண்டு பெண்களும் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். நாங்கள் இருவரும் நடந்தோம். ஹைரோட்டு முனையில் வெள்ளைக் கற்கள் வரிசையாக, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றன. அவள் மகள் கிழித்த சமையலறைக் கோட்டின் மேல் ஜல்லி கொட்டியிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவள் நடந்தாள். என்னால் அது முடியவில்லை. நடுரோட்டிலேயே வீராவேசம் வந்துவிட்டது.

"இத சும்மா வுட மாட்டேன்மா. பத்திரிகையில எழுதப் போறேன். ஒண்ணு வுடாம எழுதறேன் பாரு."

அவள் நின்றாள். என் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த பொன்னாடையை எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்கண்ணா. ஆனா நல்லா மட்டும் எழுதிடாதீங்க. நாங்க பாட்டுக்கு மறுபடியும் கைதட்டித் தொலைச்சிடுவோம்."