பதினான்காம் எண்ணின் மறுபக்கம்

குஞ்சித்தம்பி கடைப் பலகை எழுதுகிறவர். சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்குக் ‘குடிநீர்’ என்று மட்டும் அறுபது பலகை எழுதினார். அறுபதிலும் எழுத்து ஒரே அளவு. படம் கீறுவது ஞாயிற்றுக்கிழமைகளில். மட்டக்களப்பில் அவர் சேர்ந்திருந்த ஓவியர் ஒன்றியம் அங்கத்தவர்களின் படங்களை நடுவர் வைத்துத் தெரிவு செய்து கண்காட்சி நடத்தும். மூன்று முறை கொடுத்தார். மூன்று முறையும் திரும்பி வந்தது. சண்டை ஓய்ந்த அடுத்த வருடம் பதினான்காம் எண் கட்டியிருந்த அவருடைய படம் தெரிவாகியிருந்தது.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். சுவரில் அவர் கீறிய வாவியைக் காணவில்லை. ‘மர்சூக் ஜவுளி மாளிகை’ தொங்கியது.

காத்தான்குடி மர்சூக், கடல் அடித்த கடையிலிருந்து எடுத்த பழைய தகரப் பலகையை அவருக்குக் கொடுத்திருந்தார். அதன் வெறும் முதுகில்தான் வாவியைக் கீறினார். ஒப்படைத்த அன்று, புது எனாமலில் தூசி படியாதிருக்க, தொழில் பழக்கத்தில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திவிட்டு வந்தவரும் அவரே. பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வதால், எந்தப் பக்கம் படம் என்று நடுவர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நடுவர்களில் ஒருவரான சித்திர ஆசிரியை சுலோஜனா பலகையைத் திருப்பி, வாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணன், இந்தப் பக்கத்தப் பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டம்.”

குஞ்சித்தம்பிக்குக் கோபம் வரவில்லை. அப்படியானால் மற்றப் பக்கத்தில் என்னதான் கண்டார்கள் என்று அறிய ஆசை வந்தது. கேட்டார். சுலோஜனா கடைசி எழுத்தான ‘கை’யைக் காட்டினார். தகரம் முடிந்துபோனதால் மற்ற எழுத்துகளின் பாதி அகலத்தில், ஓரத்தில் ஒடுங்கி நின்றது. மூன்று நடுவர்களும் அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார்களாம்.

“அது அளவு பிழைச்சது டீச்சர். நான் தொழில் துவங்கின வருசம் எழுதினது. மர்சூக் ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல.”

“பிழைதான். ஆனா ஓடுற பஸ்ஸில தொத்துற ஆள் மாதிரி இருக்கு.”

குஞ்சித்தம்பி கிட்டப் போய்ப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக அந்த எழுத்தில் அவர் கண்டது குறைந்துபோன இரண்டு அங்குலத்தைத்தான். இப்போது பஸ்ஸும் தெரிந்தது.

பிறகு விதித்தாளைக் கேட்டு வாங்கி வாசித்தார். படைப்பு இரண்டு வருடத்துக்குள் செய்ததாக இருக்கவேண்டும். யாரும் வருடம் கேட்கமாட்டார்கள் என்று சுலோஜனா சொல்லிப் பார்த்தார். விண்ணப்பத்தில் வருடத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே என்றார் குஞ்சித்தம்பி. எண் அட்டையை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டார்.

வாசலில் நின்று திரும்பினார்.

“அடுத்த முறை கடைப் பலகை ஒண்டு எழுதிக் கொண்டுவந்தா பாப்பீங்களா?”

“ஓம். எந்தக் கடை?”

“இனித்தான் தேடணும். பேர் நீளமான கடையாப் பாக்கணும்.”