பச்சியப்பன் கொட்டாய் பாட்டு

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிர்ச்சந்தில் இன்னாசியின் ஃபிளக்ஸ் கடை இருக்கிறது. நிர்மலா அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என எது வந்தாலும் அவள்தான் அடிக்கிறாள். சாவு பேனருக்கு நான்கு வரி பாட்டு வேண்டும் என்று வருகிறவர்கள் இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாட்டு தயாராக இருக்கும்.

அவள் படித்தது பத்தாவது வரைக்கும். தமிழில் தொண்ணூற்று நான்கு. அதற்கு மேல் படிக்கவில்லை. வீட்டில் வேண்டாம் என்றார்கள். அப்பா பச்சியப்பன்தான் அதைச் சொன்னார். வாசலில் நின்றபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு வருடம் தக்காளிக் காட்டில் வேலை, பதினேழு வயதில் கல்யாணம். லாரி ஓட்டிய கணவன் ஓசூரில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பது தெரிந்ததும், இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்தாள். பச்சியப்பன் கொட்டாய் என்று ஊரார் சொல்லும் அந்தத் தோட்டத்து வீட்டில் மூன்று அறைகள் இருந்தன. அவளுக்கு மாட்டுக் கொட்டாயை ஒட்டிய ஓட்டு அறை கிடைத்தது. தம்பி ரஞ்சித்குமார் புது வீடு கட்ட பேங்கில் கடன் கேட்டபோது, நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பா பேனாவைத் திறந்து கொடுத்தார்.

முப்பத்தேழாவது வயதில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தருமபுரி டுடோரியல் ஒன்று நோட்டீஸ் அடிக்க வந்தது. அதை டைப் செய்யும்போதே தன் பெயரையும் கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் வகுப்பு. தமிழ் எடுத்த ஜாஸ்மினுக்கு இருபத்தாறு வயது. நிர்மலா அவளை மிஸ் என்றாள். அவள் நிர்மலாவை அக்கா என்றாள்.

முதல் நாளே ஜாஸ்மின் எதுகையும் மோனையும் நடத்தினாள். அடிகளில் முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, கடைசியில் ஒத்து வந்தால் இயைபு. நிர்மலா தன் கடைப் பாட்டு ஒன்றை நோட்டில் எழுதி நீட்டினாள்.

"மிஸ், இதுல அதெல்லாம் இருக்குதாங்க?"

ஜாஸ்மின் படித்துவிட்டுச் சிரித்தாள். "மூணுமே இருக்குக்கா. யாருக்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்லீங்க. காதுக்கு நல்லா இருந்தா வச்சிருவேன். அதுக்குப் பேரெல்லாம் இருக்குதுன்னு தெரியாது."

பேர் தெரிந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. நேர், நிரை என்று அசை பிரிக்கப் பழகியதும் பஸ் போர்டையெல்லாம் பிரித்தாள். பென்-னா-கரம், தேமாங்கனி. தன் பெயர் கூவிளம், அப்பா கூவிளங்காய். பிறகு அணிகள் வந்தன. உவமை, உருவகம் எல்லாம் ஏற்கெனவே கைவந்தவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்மின் வஞ்சப்புகழ்ச்சி அணியை நடத்தினாள்.

"புகழற மாதிரி பழிக்கறது. இப்ப நம்ம மினி பஸ் இருக்குதுல்ல, அது எவ்வளவு நல்ல பஸ்! அரைமணி நேரம் அங்கங்க நின்னு நமக்கு ஓய்வு குடுக்குது. இப்படிச் சொன்னா அது வஞ்சப்புகழ்ச்சி."

வகுப்பு சிரித்தது. நிர்மலா சிரிக்கவில்லை. அந்தப் பெயரை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

அந்தத் தை மாதம் பச்சியப்பன் இறந்தார். கிணற்று மேட்டில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் முடிந்த மறுநாள் ரஞ்சித்குமார் கடைக்கே வந்தான்.

"அக்கா, கருமாதிக்குப் பெரிய பேனரா போடணும். பத்துக்கு எட்டு. பாட்டு நீயே எழுது. நல்லா எதுகை மோனையா வரணும், ஊரே பேசணும்."

அன்று மதியம் முழுக்க அவள் சாப்பிடாமல் எழுதினாள். இன்னாசி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பன் போன துக்கம் என்று நினைத்துப் பேசாமல் போனார். எழுதி முடித்தது இது:

பள்ளிச் சுமையிறக்கிப் பாசத்தால் காத்தவரே!
பிள்ளைக் கழுத்தினிலே பெருமாலை பார்த்தவரே!
உள்ளதெல்லாம் ஓரிடத்தில் ஒன்றாகக் கோத்தவரே!
கொள்ளை அன்பாலே கொட்டாயில் சேர்த்தவரே!

படிப்பை நிறுத்தியது, சிறுவயதுக் கல்யாணம், நிலத்தைத் தம்பி பேரில் கோத்தது, மாட்டுக் கொட்டாய். இருபத்தொரு வருடத்தை நான்கு அடியில் வைத்துவிட்டாள். தம்பி படித்ததும் சண்டைக்கு வருவான், பேனரைக் கிழிப்பான், அப்போது எல்லாவற்றையும் ஊர் நடுவில் வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

ரஞ்சித்குமார் கடையிலேயே நின்று படித்தான். அவன் கண் கலங்கியது.

"நெசமாவே என் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வருவாருக்கா. உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குது பாரு. என் கல்யாணத்துல மாலையப் பாத்து எப்படிச் சிரிச்சாரு! குடும்பத்தைச் சிதறாம ஒரே கொட்டாயில வச்சிருந்தாரே, அதான் பெருசு."

ஒவ்வொரு வரியிலும் அவன் தன்னைக் கண்டான். அவள் எங்கேயும் இல்லை. நிர்மலா பிரிண்ட் கொடுத்தாள்.

கருமாதி அன்று வந்த சனம் எல்லாம் பேனர் முன்னால் நின்று படித்தது. மண்டிக்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ரஞ்சித்குமாரின் மகள் பிரியதர்ஷினி, பந்தலில் கூடியவர்களுக்காக அதை உரக்கப் படித்தாள். பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பது போல, இழுத்து, ஒவ்வொரு 'அவரே'வுக்கும் தலையாட்டிப் படித்தாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா பெரியம்மாள் மட்டும் அழவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

சனம் கலைந்த பிறகு பாத்திரம் கழுவும் இடத்துக்கு அம்மா வந்தாள்.

"நீ எழுதுனதா?"

"ஆமா."

"அந்த மனுசனைத் திட்டி இருக்குற."

நிர்மலாவின் கையில் சாம்பல் அப்படியே நின்றது. ஊரில் ஒருவருக்காவது புரிந்துவிட்டது என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது.

"தப்பா? படிப்பை நிறுத்துனாரா இல்லையா?"

"அவரு நிறுத்தல." அம்மா கல்லில் உட்கார்ந்தாள். "பதினொன்னாவதுல சேக்க அப்ளிகேஷன் பாரம் வாங்கிட்டு வந்து மாடத்துல வச்சிருந்தாரு. நான்தான் எடுத்து அடுப்புல போட்டேன். அந்த வருசம் பக்கத்தூரு பொண்ணு ஒருத்தி காலேஜு போறேன்னு போயி ஓடிட்டா. எனக்குப் பயம். நீயே போயி வேணாம்னு சொல்லுன்னு அவரைப் புடிச்சித் தள்ளுனேன்."

"கல்யாணம்?"

"மாப்பிள்ளை எங்க அண்ணன் வழியில வந்தது. அதுவும் நான்தான்."

"மாட்டுக் கொட்டா ரூமு?"

அம்மா பக்கத்தில் கிடந்த குண்டானை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "பத்திரத்துல கையெழுத்து வாங்குனது அவரு. அது ஒன்னுதான்" என்றாள்.

"இத்தனை வருசத்துல ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாமே. அவராச்சும் சொல்லியிருக்கலாமே."

"பொம்பளை பேச்சக் கேட்டு ஆடுனேன்னு அவரு எப்படிச் சொல்லிக்குவாரு? அவருக்கு வெக்கம். எனக்கு..." அம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "நீயும் என்கிட்ட கேக்கல."

கேட்டிருக்கவில்லைதான். அப்பாவோடு அவள் கடைசியாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசி ஆறு வருடம் இருக்கும். அவர் சில நாள் ஓட்டு அறை வாசலில் தக்காளிக் கூடையை வைத்துவிட்டு நிற்பார். அவள் கூடையை உள்ளே எடுத்துக் கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள்.

மறுநாளே தம்பியிடம் போனாள்.

"ரஞ்சித்து, அந்தப் பாட்டு வேணாம்டா. வேற எழுதித் தரேன்."

"என்னக்கா சொல்ற? சமாதிக் கல்லுல வெட்டக் குடுத்தாச்சு. ஊரே பாராட்டுது."

"அதுல அப்பாவைத் தப்பா எழுதி இருக்கேன்."

அவன் சிரித்தான். "எழுத்துப் பிழையா? யாரு பாக்கப் போறாங்க?"

உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா பெயரும் வெளியே வரும். நிர்மலா வீட்டுக்குத் திரும்பினாள். கிணற்று மேட்டில், கருங்கல்லில், நான்கு அடியும் ஏறியது.

பரீட்சையில் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கினாள். பொருளியலில் போய்விட்டது. ஜாஸ்மின் போன் செய்து துணைத்தேர்வுக்குக் கட்டச் சொன்னாள். "பாக்கலாம் மிஸ்" என்றாள்; கட்டவில்லை.

ஆனி மாதம் தம்பி பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராமல் போனது. அம்மாவின் தகரப் பெட்டி ஓட்டு அறைக்கு வந்தது. நிர்மலா கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுக்கிறாள். சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். இருவரும் பேசிக்கொள்வது மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். மாடம் என்றோ பாரம் என்றோ யாரும் வாயெடுப்பதில்லை.

இன்னாசி அந்தப் பாட்டைத் தனிக் கோப்பில் சேமித்து வைத்திருக்கிறார். கேட்டு வருகிறவர்கள் அதிகம். கொட்டாய் இல்லாத ஊர்க்காரர்களுக்குக் 'கூட்டினிலே' என்று மாற்றிவிடுவார்கள். போன வாரம் பென்னாகரத்திலிருந்து சசிகலா என்று ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும், கழுத்தில் புதுத் தாலி, கையில் அப்பாவின் ரேஷன் கார்டு போட்டோ.

"அந்த பச்சியப்பன் கொட்டாய் பாட்டே போடுங்கக்கா. எங்கப்பாவுக்காகவே எழுதுன மாதிரி இருக்குது."

"எது வரைக்கும் படிச்சிருக்கம்மா?" என்று நிர்மலா கேட்டாள்.

"பத்தாவது."

நிர்மலா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நிர்மலா கோப்பைத் திறந்து, பழைய போட்டோவை எடுத்துவிட்டுப் புதிய போட்டோவை வைத்தாள்.

"பேரு சொல்லும்மா" என்றாள்.